திருமலையில் இருந்து ரொறன்ரோவுக்கு: வந்த புதிதில் இன்னொருவர் கையில் விடக் கூடாதவை

திருகோணமலையில் இருந்து புதிதாக ரொறன்ரோ வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். உப்புவெளி, பாலையூற்று, மூதூர், சம்பூர் என்று எங்கிருந்து வந்திருந்தாலும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அறை எங்கே எடுப்பது? வேலைக்கு யாரைப் பிடிப்பது? வழக்கை எந்த வக்கீலிடம் கொடுப்பது? எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், அதற்கு முதல் ஒன்று.

ஊரில் எங்களுக்கு எல்லாமே ஆளை வைத்து நடக்கும். கச்சேரியில் ஓர் அலுவல் என்றால் அங்கே மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார். விதானையார் "இன்னாருடைய மகன்தானே" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வைப்பார். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் பக்கத்து வீட்டு நேர்ஸ் அக்கா நிற்பார். இங்கே உங்களை யாருக்கும் தெரியாது. உங்கள் பெயரில் இருக்கும் கடதாசியையும் அது வந்து சேரும் விலாசத்தையும் வைத்துத்தான் எல்லாம் நடக்கும். வந்தவர்கள் பலர் ஊர்ப் பழக்கத்தில் அந்தக் கடதாசிகள் அத்தனையையும் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கூப்பிட்டு வைத்திருக்கும் மச்சான், சித்தப்பா, வீட்டுக்கார அண்ணை, யாரோ ஒருவர். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவருக்கும் இரண்டு வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன். அவர் ஒரு கடிதத்தை மேசையில் போட்டு மறந்தால் அடிபடுவது உங்கள் வாழ்க்கை.

அதனால் முதல் கிழமையே ஒரு கோப்பு வாங்குங்கள். பாஸ்போர்ட், குடிவரவுக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருக்கட்டும். கோப்பு உங்கள் அறையில் இருக்கட்டும். "பத்திரமாக நான் வைத்திருக்கிறேன்" என்று யாராவது கேட்டால், "வேண்டாம் அண்ணை, நானே வைத்திருக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

அடுத்தது சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம். மத்திய அரசின் சேர்விஸ் கனடா அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள், 9 இலக்கம். தற்காலிக அனுமதியில் இருப்பவர்களுடையது 9இல் தொடங்கும். வேலை கொடுப்பவருக்கும் வங்கிக்கும் வரிக்கும் அது தேவை. வாடகை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். வேலை இல்லாவிட்டாலும், போட ஒரு சதம் இல்லாவிட்டாலும், சரியான அடையாளப் பத்திரம் இருந்தால் வங்கிக் கணக்குத் திறக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் சம்பளம் இன்னொருவர் கணக்குக்குப் போகும் ஏற்பாட்டுக்கு எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்க வேண்டாம்.

நிரந்தர வதிவிடம் கிடைத்து வந்தவர்கள் மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் ஹெல்த் கார்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த விதியை 2020இல் எடுத்துவிட்டார்கள். மாணவர்களுக்கு ஹெல்த் கார்ட் இல்லை, கல்லூரிக் காப்புறுதிதான். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது என்றால், அவசரம் இல்லாதபோது 811க்கு அடித்து நேர்ஸிடம் கேட்கலாம், இரவு பகல் எந்த நேரமும். உயிர் ஆபத்துக்கு 911. ஆங்கிலம் வரவில்லை என்று பயந்து போனை வைத்துவிட வேண்டாம். "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

இனி குடிவரவு, அகதி வழக்கு. இதைத்தான் நீட்டி எழுத வேண்டும்.

குடிவரவு அலுவலுக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும், உரிமம் உள்ள பராலீகலுக்கும் (வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர்), பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகருக்கும் மட்டுமே சட்டப்படி முடியும். ஒருவர் பதிவில் இருக்கிறாரா என்று இணையத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம். வழக்கறிஞருக்கும் பராலீகலுக்கும் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியல், ஆலோசகருக்கு அவர்களை ஒழுங்குபடுத்தும் "கல்லூரி" (College) என்ற அமைப்பின் பட்டியல். "எனக்கு உள்ளே ஆளைத் தெரியும்" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு ஒன்ராறியோ சட்ட உதவி மூலம் வக்கீல் கிடைக்க வழியுண்டு, அதை முதலில் கேளுங்கள். உங்கள் கதையை எழுதிக் கொடுக்கும் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பிய பிறகு, ஒவ்வொரு பந்தியையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். திகதி பிழைத்தால் அங்கேயே திருத்துங்கள். மூதூரில் நடந்தது என்று நீங்கள் சொன்னதை, ஊர் தெரியாத ஒருவர் திருகோணமலை நகரம் என்று எழுதியிருக்கலாம். இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு குடா இருக்கிறது, அவருக்கு அது தெரியாது. விசாரணையில் அந்த வித்தியாசம் உங்கள் பேச்சில் முரண்பாடாகத் தெரியும்.

விலாசம் மாறினால் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு தரம், அகதிக் கோரிக்கையை விசாரிக்கும் அகதிகள் சபைக்கு ஒரு தரம், தனித்தனியே அறிவிக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குப் போகும் என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் மச்சான் வீட்டில் இருந்து வேறு அறைக்கு மாறினார். சபையின் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கடைத் துண்டுப் பிரசுரங்களோடு கிடந்திருக்கிறது. அவர் வராததால் கோரிக்கையைக் கைவிட்டதாக எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. வக்கீலோடு போய்க் காரணம் சொல்லித்தான் வழக்குப் பிழைத்தது. அந்த நாட்களில் அவர் சோறு சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

அறைக்கு வருவோம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் அனேகமாகத் தொடங்குவது பேஸ்மென்டில்தான், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து பாருங்கள், நெருப்புப் பிடித்தால் அதால் வெளியே ஏறலாமா? கூரையில் இருக்கும் புகை அலாரத்தின் பொத்தானை அழுத்துங்கள், சத்தம் வர வேண்டும். சூடாக்கி எரிவாயுவில் ஓடினால், படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரமும் இருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சுடுதண்ணீர் வரும்வரை நில்லுங்கள். சுவரின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அந்த அறை வேண்டாம்.

ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டுக்காரர் முன்பணமாக வாங்கக்கூடியது முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான். உடைவு சேதத்துக்கு என்று தனியாக வைப்புப்பணம் கேட்க முடியாது. அரசின் பொது ஒப்பந்தப் படிவம் இருக்கிறது, அதில் எழுதச் சொல்லுங்கள். வாடகையைக் கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், இலவசமாகத் தரத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். வீட்டுக்காரரோடோ அவருடைய குடும்பத்தோடோ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருந்தால் இந்த வாடகைச் சட்டம் உங்களைக் காக்காது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தொடங்குவது அப்படியான அறையில்தான். எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டியிருக்கும். அதனால் அங்கே இருக்கும்போதே அடுத்த இடத்துக்குக் காசு சேருங்கள்.

இந்த நகரத்தில் வழி பிடிப்பது வேறு மாதிரி. ஊரில் "பத்திரகாளி அம்மன் கோயிலடி", "பஸ் நிலையத்தடி" என்றால் போதும். இங்கே இரண்டு வீதிகள் சந்திக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்: மார்க்கம் எல்ஸ்மியர், கெனடி எக்லிங்டன். ஸ்காபரோ சதுரம் சதுரமாக வெட்டிய ஊர். கிழக்கு மேற்காக எக்லிங்டன், லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்டீல்ஸ். வடக்குத் தெற்காக வோர்டன், கெனடி, மிட்லண்ட், மக்கோவன், மார்க்கம். இந்தப் பெயர்களைப் பாடமாக்கினால் தொலைய மாட்டீர்கள். தெற்கே எப்போதும் ஏரி. பயணக் கட்டணத்துக்கான ப்ரெஸ்டோ கார்ட்டை ஒரு தரம் தட்டினால் 2 மணித்தியாலத்துக்கு பஸ், சப்வே எதிலும் மாறி மாறி ஏறலாம். ஸ்காபரோவுக்குள் ஓடிய பழைய ரயில் பாதையை 2023இல் மூடிவிட்டார்கள், அதனால் கெனடி நிலையத்தோடு இறங்கி பஸ் எடுக்க வேண்டும். வேலைக்கு முதல் நாள் போவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் சும்மா போய் வாருங்கள். பஸ் தரிப்பில் மார்கழிக் குளிரில் நின்றுகொண்டு வழி தேடுவது மிகவும் சிரமம்.

ஊரில் வாகனம் ஓட்டியவர்கள் வெளிக்கிடும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் அனுபவத்தை உறுதிப்படுத்தும் கடிதம் எடுத்து வாருங்கள். இங்கே லைசன்ஸ் எடுக்கும்போது அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். முதல் எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். வீதியின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், வீதியைக் கடக்கும்போதும் முதலில் இடப்பக்கம் பாருங்கள். நடக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குளிருக்கு ஊரில் இருந்து ஜக்கெட் வாங்கி வர வேண்டாம், கொழும்பில் கிடைப்பது இங்கே புரட்டாசிக்குத்தான் காணும். முதல் காசை நல்ல பூட்ஸில் போடுங்கள். காலை நனைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். கச்சான் காற்றிலும் வெயிலிலும் வளர்ந்த எங்களுக்கு அது மனதை அமுக்கும். சோம்பல் என்று உங்களையே திட்டாமல், லீவு நாளில் மத்தியானமாவது வெளியே போங்கள்.

வேலை. 2025 ஒக்டோபரில் இருந்து ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். கிழமைக்கு 44 மணிக்கு மேல் போனால் பெரும்பாலான வேலைகளில் ஒன்றரை மடங்கு. ஏஜென்சி உங்களுக்கு வேலை எடுத்துத் தருவதற்கு உங்களிடம் காசு கேட்கக் கூடாது, அது சட்டவிரோதம். சம்பளத் துண்டு இல்லாமல் கையில் காசாகத் தருகிறோம் என்பார்கள். கைநிறைய இருப்பதுபோலத் தெரியும். கையில் அடிபட்டு ஒரு நாள் வீட்டில் இருக்க நேர்ந்தால், நீங்கள் அங்கே வேலை செய்ததைக் காட்ட ஒரு துண்டும் இருக்காது. மாணவர்கள் படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணிதான் செய்யலாம். அதை மீறச் சொல்பவர் உங்கள் விசாவைப் பற்றிக் கவலைப்படுபவர் அல்ல.

ஊருக்குக் காசு அனுப்புவதைப் பற்றி ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வரும்போது அம்மாவின் நகை அடகில், காணி ஈட்டில், வட்டி ஓடுகிறது, இரண்டாம் மாதமே போன் வருகிறது, என்ன செய்ய என்று. பிள்ளை, வீட்டாரோடு இருந்து கணக்கைத் திறந்து கதையுங்கள். வாடகை இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எண்ணைச் சொல்லுங்கள். அவர்களுக்கு டொலரை ரூபாவாக்கித்தான் தெரியும், இங்கத்தைய வாடகை தெரியாது. வட்டியை மட்டும் முதலில் நிறுத்தப் பாருங்கள். மூன்று மாத வாடகை கையில் சேரும்வரை புது மோட்டார் சைக்கிள், தங்கச்சியின் சாமத்திய வீடு எதற்கும் ஓம் சொல்ல வேண்டாம். வந்த உடனே சீட்டுக் கட்டவும் வேண்டாம். சீட்டு முறிந்தால் பிடிக்க எழுத்தில் ஒன்றும் இருக்காது.

தனிமைக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. முதலாவது, பொது நூலகம். நகரத்தில் 100 கிளைகள், உறுப்புரிமை இலவசம், ஸ்காபரோக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகமும் உண்டு. ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டங்களும் நடத்துகிறார்கள். பிழையாகக் கதைத்தாலும் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், எல்லோரும் எங்களைப் போல வந்தவர்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரோடும் ஒரே சந்தையில் மீன் வாங்கி வளர்ந்த எங்களுக்கு பிலிப்பினோ அக்காவோடும் சோமாலி ஐயாவோடும் பழகுவது கஷ்டமில்லை. தமிழர் கூட்டத்தில் "யாழ்ப்பாணத்தில் எவ்விடம்?" என்று கேட்பார்கள். "திருகோணமலை" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். கோணேசர் கோயிலைக் கும்பிட்டிருக்கிறேன் என்று அவர்களே கதை தொடங்குவார்கள்.

இரண்டாவது, வீட்டோடு கதைக்கும் நேரத்தை நிரந்தரமாக்குங்கள். கோடையில் ஊர் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் முன்னே, குளிர்காலத்தில் பத்தரை. இரவு 9 மணிக்கு எடுத்தால் அங்கே காலை ஆறரை அல்லது ஏழரை, அம்மா தேத்தண்ணி போடும் நேரம். வேலை முடிந்து நடுச்சாமத்தில் அழுதுகொண்டு எடுக்க வேண்டாம், அவர்கள் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார்கள். கடலுக்கு ஏங்குபவர்கள் ஏரிக்கரைச் செங்குத்து மேடான ஸ்காபரோ புளவ்ஸுக்குப் போங்கள். சுவாமி மலையில் நின்று பார்த்த மாதிரி கீழே நீலத் தண்ணீர் தெரியும், ஆனால் விளிம்புக்குப் போகாதீர்கள், மண் இடிந்து விழும்.

வேறு கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்தவரை பதில் போடுகிறேன். வழக்கு இலக்கம், பிறந்த திகதி, கடிதத்தின் படம் எதையும் பொதுவில் போட வேண்டாம். எங்கே போவது என்றே விளங்காதவர்கள் 211க்கு அடித்துத் தமிழில் உதவி வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்குக் கிட்டிய குடியேற்ற உதவி நிலையத்தைச் சொல்வார்கள்.