குருத்தெலும்பும் குருத்துயிரணுவும்: எதை மாற்றுவது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

குதிரை, மாடு போன்ற பெருவிலங்குகளின் எலும்பு, மூட்டு, தசைநாண் காயங்களைப் பற்றிய பாடநூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பிறவகை உயிரணுக்களாக மாறவல்ல ஸ்டெம்செல்லை நான்கு இயல்களிலும் ‘குருத்துயிரணு’ என்றே எழுதிவந்தேன். ஐந்தாம் இயலில், ‘குருத்தெலும்பின் சிதைவில் குருத்துயிரணுக்களைச் செலுத்தினால்’ என்ற தொடரைப் படித்த மாணவி, “எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறார்களா?” என்று கேட்டார். அவர்மேல் பிழையில்லை. இவை குதிரையின் மார்பெலும்பு மச்சையிலிருந்து எடுக்கப்படுபவை. குருத்தெலும்புக்கே உரிய உயிரணு வேறு. மாற்றுச் சொல் தருக.

———

> மாற்றுச் சொல் தருக.

ஐயா, ‘குருத்து’ தொடக்கத்திலிருந்தே பொருந்தாத சொல். ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் 1868இல் ஆண்ட ஜெர்மன் சொல்லில் ‘ஸ்டாம்’ என்பது அடிமரத்தையும் கிளைத்துவரும் குடிமரபையும் ஒருங்கே குறிக்கும். குருத்தோ பனைக்கும் தென்னைக்கும் உரியது. புறக்காழன, அதாவது வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை, ஆதலின் தொல்காப்பியர் வகுப்பின்படி அவை மரமே அல்ல, புல். குடிமரபுக்குக் ‘கால்வழி’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்க, ‘கால்வழியுயிரணு’ என்று ஆள்வதில் என்ன தடை? ‘கால்’ என்னும் வேரிலிருந்து தூண், காற்று, வாய்க்கால், நான்கிலொரு பங்கு எனக் கிளைத்த பொருள்களைத் தனி மடலில் விரிக்கிறேன்.

———

தனி மடல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும், ஐயா. ‘கால்வழியுயிரணு’ என்றால் கால்வழியாகச் செலுத்தும் உயிரணு என்றே என் கால்நடை மருத்துவ மாணவர்கள் கொள்வார்கள், ஏனெனில் அவர்கள் நாள்தோறும் பார்ப்பது குதிரையின் முன்னங்காலைத்தான். அங்கே முட்டிக்குக் கீழே தசை ஏறக்குறைய இல்லை, பாரமெல்லாம் நாண்களின்மேல். ஓட்டத்தில் நைந்த மடக்குநாணின் நடுப்பகுதி மீயொலிப் படத்தில் கரும்பொட்டாகத் தெரியும். ஊசிமுனை அந்தக் கருமைக்குள் இறங்குவதைத் திரையில் பார்த்தபடியே மருந்தைச் செலுத்த வேண்டும். தானாக ஆறினால், நாணுக்கு வலுத்தரும் புரதமான முதல்வகைக் கொலாஜன் இருந்த இடத்தில் மூன்றாம் வகை மிகுந்த தழும்பு வளர்ந்து, நாண் விறைத்து, மறுபடி அறுபடும் என்பதால்தான் இத்தனை பாடு.

ஆனால் என் மறுப்பு வேறு. செலுத்திய உயிரணுக்களில் சிறு பங்கே அங்குத் தங்குகிறது. அவை நாணாக மாறுவதைவிட, சுரப்புகளால் அக்கம்பக்கத்து உயிரணுக்களைத் தூண்டியே வேலை செய்கின்றன என்ற கருத்து வலுத்துவிட்டது. இந்த மச்சை உயிரணுக்களுக்கு ‘மெசன்கைமல் ஸ்டெம்செல்’ என்று 1991இல் பெயரிட்ட அமெரிக்க உயிரியலாளர் ஆர்னால்டு கேப்லனே 2017இல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். வைத்தவரே கைவிட்ட பெயருக்கு நாம் வேர் தேடுகிறோம். ‘ஸ்டெம்செல்’ என்றே இருக்கட்டும்.

———

கலத்தின், அதாவது உயிரணுவின், பெயரை ஏன் மாற்றுகிறீர்கள்? எலும்பே அல்லாத ஒன்றை எலும்பு என்கிறீர்களே, அதையல்லவா மாற்ற வேண்டும்? இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் படித்தது ‘கசியிழையம்’. ‘குருத்து’ அப்போது உயிரணுவுக்கே உரியதாகிவிடும், குழப்பமும் தீரும்.

———

அனைவருக்கும் நன்றி. ‘கசியிழையம்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பள்ளியிலிருந்தே ‘குருத்தெலும்பு’ என்று படித்து வந்தவர்களிடம் இந்த ஒரு நூலால் அதை மாற்ற முடியாது. தனி மடலில் எழுதியவர்களுள் பெரும்பாலோர் ‘மூலவுயிரணு’ என்றதால் அதையே கொண்டேன். மூலநோயை நினைவூட்டுகிறது என்ற மருத்துவரின் முறையீட்டைப் பதிவு செய்கிறேன். கலைச்சொல் பட்டியலில் ‘ஸ்டெம்செல்’லும் உண்டு.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் ‘குருத்த’ என்பதைத் தேடி ‘மூலவ’ என்று ஒட்டுமொத்தமாக மாற்றச் சொன்னேன். ஐந்தாம் இயல் முழுவதும் இப்போது ‘மூலவெலும்பு’ என்று நிற்கிறது. கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

———

‘மூலவெலும்பு’: உடம்படுமெய் மிகச் சரியாக விழுந்திருக்கிறது, ஐயா. ‘கால்வழி’யை நான் விட்டுவிடவில்லை.