இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் அன்றாடச் சுத்தத்துக்கு ஒத்துவரும் ஒழுங்கு எது?

தாம்பரம்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்கக வீட்டில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். பதினோரு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள் உள்ளனர். மூட்டுவலியால் குனிந்து நிமிர இயலாத மாமியாரும் எங்களோடு இருக்கிறார். காலையில் வரும் பணிப்பெண் பாத்திரம் துலக்கி, வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுச் செல்வார். மற்ற வேலைகள் அனைத்தும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படுகின்றன. அந்த நாள் முழுவதும் அதிலேயே கழிந்தாலும், புதன்கிழமைக்குள் சாப்பாட்டு மேசையின் மீது ரசீது, சார்ஜர், மாத்திரை அட்டை, பள்ளி நோட்டு என்று எல்லாம் மறுபடியும் குவிந்துவிடுகின்றன.

இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் கம்பளம் விரித்த வீடுகளுக்காக எழுதப்பட்டவை. மாவு அரைக்கும் நாளும், போர்வெல் தண்ணீர் விட்டுச்செல்லும் உப்புக்கறையும், ஜன்னல் வழியே ஓயாமல் வந்து படியும் சாலைத் தூசியும் அவற்றில் இடம்பெறுவதில்லை. நாளொன்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் ஒதுக்க இயலாது. அதற்குள் அடங்கும் ஒழுங்கைப் பின்பற்றுவோர் அதை எவ்வாறு அமைத்துக்கொண்டீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அரை மணி நேரம் போதும்; ஆனால் அதைக் கடிகாரத்தோடு கட்டாமல், வீட்டில் எப்படியும் நடந்தே தீரும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். ‘இரவு ஒன்பதரைக்குச் சுத்தம் செய்வேன்’ என்ற தீர்மானம், அலுவலகத்திலிருந்து ஒரு நாள் தாமதமாக வந்தாலே முறிந்துவிடும். ‘பாலுக்கு உறை ஊற்றியதும் அடுப்பு மேடையைத் துடைப்பேன்’ என்பது அவ்வளவு எளிதில் முறியாது, ஏனெனில் உறை ஊற்றாமல் நம் வீடுகளில் யாரும் படுக்கச் செல்வதில்லை.

அந்த அரை மணியில் பெரும்பகுதியை இரவுச் சமையலறைக்கே கொடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. வழிந்த பாலும் தெறித்த எண்ணெயும் அன்றிரவே ஈரத்துணியால் ஒரு இழுப்பில் போய்விடும். மறுநாள் அதன் மேல் அடுப்பு எரிந்த பிறகு, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கரப்பான் பூச்சி இரவில்தான் உலவும் என்பதால், சிங்க்கில் எச்சில் பாத்திரமும் தேங்கிய நீரும் இல்லாமல் வைப்பதே அதைக் குறைக்கும் முதல் வழி. பாத்திரங்களைத் துலக்க நேரம் இல்லையென்றால், எச்சிலை வழித்துக் கழுவி, ஒரு கூடையில் கவிழ்த்து வைத்தால் போதும்; காலையில் வரும் அம்மாவுக்கும் வேலை பாதியாகும். மாவு அரைத்து முடித்ததும் கிரைண்டரில் சிறிது தண்ணீர் ஊற்றி இரண்டு சுற்று ஓடவிட்டு, அந்த நீரையும் மாவிலேயே சேர்த்துக்கொண்டால் கல்லில் மாவு காயாது. இதைத் தள்ளிப்போட்டால் கல்லின் இடுக்கில் காய்ந்த உளுந்தை எடுப்பதற்கே தனியாக அரை மணி வேண்டும்.

மீதியுள்ள பத்து நிமிடங்களில் நாளுக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளலாம். வியாழன் மாலையை மட்டும் பூஜை விளக்குகளுக்கு விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும் வழக்கம் பல வீடுகளில் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை முதலில் வெந்நீரிலும் தூளிலும் போக்கிவிட்டுப் பிறகு புளி போட்டால்தான் பித்தளை பளிச்சிடும். பிசுக்கின் மேல் புளி தேய்ப்பது வீண் உழைப்பு.

ஒரகடம் தரப்பிரிவு எழுதியது:

மேலே எழுதியவர் கூறியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வரிசை மாற வேண்டும். நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த ‘ஃபைவ் எஸ்’ முறையில் சேய்ரி (பிரித்தல்), சேய்டோன் (இடம் தருதல்), சேய்சோ (சுத்தம் செய்தல்), சேய்கெட்சு (அதை நிலைப்படுத்துதல்), ஷிட்சுகே (பழக்கமாக்குதல்) என்று ஐந்து படிகள் உண்டு. அவற்றில் சுத்தம் செய்வது மூன்றாவது படிதான். வேண்டாததைப் பிரித்து அகற்றுவதும், எஞ்சியதற்கு நிலையான இடம் தருவதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். புதன்கிழமைக்குள் மேசை நிறைந்துவிடுகிறது என்றால், சார்ஜருக்கும் மாத்திரை அட்டைக்கும் அந்த வீட்டில் வேறு இடம் இல்லை என்றுதான் பொருள். அதை எத்தனை முறை துடைத்தாலும் மறுபடி நிறையும்.

தொழிற்சாலையில், வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாத பொருளில் சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியிடத்தில் வைப்போம். குறித்த காலத்துக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் அது வெளியேறிவிடும். வீட்டில் இதற்கு ஓர் அட்டைப்பெட்டியும் அதன் மேல் எழுதிய தேதியும் போதும். 2019 ஜனவரியில் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு துணிக்கடைப் பைகள் எல்லா வீட்டிலும் மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. உணவகப் பார்சலில் வரும் கறுப்பு டப்பாக்களும் அப்படியே. அவற்றில் தேவையான சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுங்கள். பொருளைக் குறைப்பதற்கு முன்பே கடைக்குச் சென்று அடுக்குப் பெட்டிகள் வாங்க வேண்டாம். அவையும் பரணில்தான் போய்ச் சேரும்.

ஒரு எச்சரிக்கை: தொழிற்சாலையில் இம்முறையைத் தணிக்கை செய்து மதிப்பெண் போடுவார்கள். வீட்டில் அதைச் செய்யத் தொடங்கினால் சுத்தம் வருவதற்கு முன்பே சண்டை வந்துவிடும்.

வார்டு செவிலியர் எழுதியது:

தூசியையும் குவியலையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரை யாரும் குறிப்பிடவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு ஆகியவற்றை வாரத்துக்கு ஒருமுறை கொட்டிக் காயவைப்பதை மட்டும் எந்தச் சூழலிலும் தள்ளிப்போடக் கூடாது. கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். ஏனெனில் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

உப்புக்கறை என்பது நீர் ஆவியான பிறகு எஞ்சும் சுண்ணாம்புச் சத்துதான். குளித்தவுடன் குழாயையும் கண்ணாடியையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் அது படியவே படியாது. படிந்துவிட்ட கறைக்கு வினிகர் நனைத்த துணியைச் சிறிது நேரம் சுற்றி வைக்கலாம். பளிங்குக் கல்லில் மட்டும் வேண்டாம், அமிலம் அதையும் அரித்துவிடும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது மூச்சுக்கே ஆபத்து.

இரண்டு பிள்ளைகளின் அப்பா எழுதியது:

கேள்வியில் ‘என்னால் ஒதுக்க இயலாது’ என்று இருக்கிறது. வீட்டில் இன்னொருவரும் இருக்கிறாரே! ஆளுக்கு ஒரு வேலையை, அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்போடு சேர்த்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் குப்பை முழுவதும் என் பொறுப்பு: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பது, வண்டி வரும் முன் வெளியே வைப்பது, வாளியைக் கழுவுவது வரை யாரும் எனக்கு நினைவூட்டுவதில்லை. உங்கள் மூத்த பிள்ளை துணி மடிக்கலாம். இளையது காலணிகளை அடுக்கலாம். மாமியாருக்கு விருப்பமிருந்தால் உட்கார்ந்தபடியே கீரை ஆய்வதையும் மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதையும் அவரிடம் விடலாம்.

பணிப்பெண் விடுப்பு எடுக்கும் நாளையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். அவருக்கும் ஊதியத்தோடு வார ஓய்வு வேண்டும். அன்று தக்காளிச் சாதமோ பொங்கலோ ஒரே குக்கரில் முடித்தால் பாத்திரமும் சேராது.

தாம்பரம்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மேசையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். குப்பையைக் கணவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் துணி காயாமல், நாற்காலி தோறும் தொங்குகிறது. அந்த மாதங்களில் ஒழுங்கு தப்பாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

கனமான போர்வை, திரைச்சீலை ஆகியவற்றைச் செப்டம்பர் வெயிலிலேயே துவைத்து உள்ளே வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் ஒரே நாளில் மூட்டையாகத் துவைக்காமல், நாளுக்குச் சிறிதாகத் துவைத்து, இயந்திரத்தில் பிழியும் சுற்றை இரண்டாம் முறையும் ஓடவிட்டு, மின்விசிறிக்கு நேர்க்கீழே துணிக்குத் துணி இடைவெளி விட்டு உலர்த்துங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் சற்றே தள்ளி வைப்பது நல்லது. பாச்சை உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை உறிஞ்சாது; ஆகவே அதை நம்பி, அரைகுறையாகக் காய்ந்த துணியை உள்ளே அடுக்க வேண்டாம்.