கிளைவ் கஸ்லர்: நாவலாசிரியரா, அட்டையில் ஒரு பெயரா?

மணல்கடிகாரம்:
கடல் சாகச த்ரில்லர்கள் எழுதிய அமெரிக்க நாவலாசிரியர் கிளைவ் கஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார். அவர் பெயரை அட்டையில் பெரிதாகப் போட்டு இன்னமும் புது நாவல்கள் வந்துகொண்டிருக்கின்றன. செத்தவர் பெயரில் வியாபாரமா என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆனால் இது அவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிய பழக்கம். 1999இல் பால் கெம்ப்ரகோஸோடு நூமா ஃபைல்ஸ், 2003இல் ஓரிகன் ஃபைல்ஸ், அப்புறம் ஐசக் பெல், ஃபார்கோ தம்பதி என்று தொடர்மேல் தொடர், ஒவ்வொன்றுக்கும் கூட்டு எழுத்தாளர்கள். அவருடைய முதன்மை நாயகன் டர்க் பிட் வரும் நாவலைத் தனியாக அவர் கடைசியாக எழுதியது 2003இல், 'ட்ரோஜன் ஒடிஸி'. அடுத்த ஆண்டே மகன் டர்க் கஸ்லரின் பெயரும் அட்டையில் ஏறிவிட்டது. என்னைப் பொறுத்தவரை எழுத்தாளர் கஸ்லர் அந்த 2003ஓடு முடிந்துவிட்டார், மிச்சம் இருந்தது ஒரு கம்பெனி.

ஆழ்கடல்:
கம்பெனி என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், அந்தக் கம்பெனி சம்பாதித்த பணம் எங்கே போனது என்பதையும் சொல்லுங்கள். நாவலில் தான் கற்பனை செய்த நூமா என்ற கடல் ஆய்வு அமைப்பை 1979இல் நிஜமாகவே லாப நோக்கில்லாத அமைப்பாகத் தொடங்கி, மூழ்கிய கப்பல்களைத் தேடுவதில் எழுத்துப் பணத்தைக் கொட்டினார். ஹன்லி ஒன்று போதாதா? அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 பிப்ரவரி 17 இரவு, சார்ல்ஸ்டனுக்கு வெளியே ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டுத் தானும் திரும்பாமல் போன நீர்மூழ்கி அது. சுமார் 12 மீட்டர் நீளம், மோட்டார் கிடையாது, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் சுழற்றினால்தான் நகரும். உள்ளே இருந்த எட்டுப் பேரும் அதற்குள்ளேயே கிடந்தார்கள். கஸ்லர் 1980இலேயே தேடப் போனார், கிடைக்கவில்லை, விடவில்லை, 1995 மே மாதம் அவருடைய குழு கண்டுபிடித்தது. 2000 ஆகஸ்டில் மேலே தூக்கினார்கள், 2004இல் அந்த எட்டுப் பேரையும் முறைப்படி அடக்கம் செய்தார்கள். இதைச் சாதித்த த்ரில்லர் எழுத்தாளர் வேறு யார் என்று காட்டுங்கள்.

மணல்கடிகாரம்:
ஹன்லியை நானும் மதிக்கிறேன். ஆனால் கண்டுபிடித்த அன்று படகில் இருந்தவர்கள் வேறு ஆட்கள், கஸ்லருக்குத் தகவல்தான் போனது. அதற்கு முன்பே, 1970இல், அதைக் கண்டதாக இன்னொருவர் உரிமை கோரி, அந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது. அதெல்லாம் இருக்கட்டும். நான் கேட்டது நாவலைப் பற்றி. நல்ல காரியத்துக்குச் செலவழித்தார் என்பதற்காகப் பக்கங்கள் நல்ல பக்கங்களாகிவிடாது.

தாளும்மையும்:
இரண்டு பேரும் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். கொரியப் போர்க் காலத்தில் விமானப்படையில் மெக்கானிக், அப்புறம் விளம்பரத் துறையில் வாசகம் எழுதுபவர். 1965இல் மனைவிக்குக் காவல் நிலையத்தில் இரவு வேலை கிடைக்க, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இவர் எழுத உட்கார்ந்தார். சந்தையில் ஒற்றர் நாயகர்கள் குவிந்து கிடந்தார்கள், கடலுக்கடியில் வேலை பார்க்கும் நாயகன் இல்லை, அந்த இடத்தைப் பிடித்தார். முகவர் கிடைக்கவில்லை என்றதும் இல்லாத ஒரு முகமையின் பெயரில் கடிதத்தாள் அச்சடித்து, அதில் தன்னைத்தானே பரிந்துரைத்துக் கடிதம் அனுப்பி, அப்படித்தான் பீட்டர் லாம்பாக் என்ற முகவரைப் பிடித்தார். கம்பெனி புத்தி பின்னால் வந்ததல்ல, முதல் நாளிலிருந்தே உண்டு. அவருடைய நாவல் அமைப்பைப் பாருங்கள்: முதலில் பழைய காலத்து மர்மம் ஒன்று, பிறகு இன்றைய ஆபத்து, கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். வார்ப்பு அவ்வளவு திடமாக இருந்ததால்தான் மற்றவர்கள் கையிலும் உடையவில்லை. நான் இதை அவருடைய பெரிய சாதனையாகவே சொல்கிறேன்.

மணல்கடிகாரம்:
வார்ப்பு உடையவில்லை, சரி, ஆனால் துணிச்சல் போய்விட்டது. 1976இல் வந்த 'ரைஸ் தி டைட்டானிக்'கையே எடுத்துக்கொள்வோம் (படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்). பைசேனியம் என்ற கற்பனைக் கனிமத்துக்காக முழுக் கப்பலையும் அட்லாண்டிக்கின் அடியிலிருந்து தூக்குகிறார்கள். சோவியத்காரர்களோடு மோதி, புயலைத் தாண்டி, நியூயார்க்குக்கு இழுத்து வந்து பெட்டகத்தைத் திறந்தால் உள்ளே வெறும் சரளைக்கல்! தேடிய பொருள் கப்பலில் ஏறவே இல்லை, இங்கிலாந்தில் ஒரு கல்லறையில் இருக்கிறது. அத்தனை பக்கம் வாசகனை இழுத்து வந்து வெறுங்கையைக் காட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். கூட்டு நாவல்களில் அப்படி ஒரு இடத்தைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பாலைக்காற்று:
அந்தப் புத்தகத்தில் கப்பல் ஒரே துண்டாக இருக்கும். 1985இல் நிஜக் கப்பலைக் கண்டுபிடித்தபோது இரண்டாக உடைந்து கிடந்தது. ஆனாலும் இன்று படித்தால் அந்தத் தூக்கும் காட்சி நிற்கிறது, எழுத்தின் பலம் அது.

கம்பெனி என்பவர்கள், அவருடைய 'சஹாரா' நாவலைப் படமாக்கியதில் எழுந்த வழக்கையும் நினைத்துப் பாருங்கள். 1980இல் வந்த 'ரைஸ் தி டைட்டானிக்' படம் அவருக்குக் கசந்து போனதால், இந்தத் தடவை திரைக்கதைக்குத் தன் ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். 2005இல் படம் வந்து நஷ்டமானது, அதற்கு முன்பே படநிறுவனத்தோடு வழக்கு தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்தது. பணம் மட்டும் போதும் என்று நினைப்பவர் இவ்வளவு மல்லுக்கட்ட மாட்டார்.

மணல்கடிகாரம்:
அதே வழக்கில்தான் கஸ்லர் புத்தகங்கள் 10 கோடிப் பிரதி விற்றன என்பதே ஊதிப் பெருக்கிய கணக்கு என்று படநிறுவனம் வாதிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு திரைக்கதை வரிக்காக நீதிமன்றம் போனவர் தன் நாவல்களை அடுத்தவர் கையில் கொடுத்தார் என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஆழ்கடல்:
மணல், புத்தகத்தை வைத்துப் பேசச் சொன்னீர்கள் அல்லவா? 2007இல் வந்த 'தி சேஸ்'. அட்டையில் கஸ்லர் பெயர் மட்டும்தான். அப்போது அவருக்கு 76 வயது. கப்பலையும் பிட்டையும் ஓரமாக வைத்துவிட்டு 1906க்குப் போகிறார்: ஐசக் பெல் என்ற துப்பறிவாளன், நீராவி ரயில்கள், ஈவிரக்கமில்லாத ஒரு வங்கிக் கொள்ளையன், நடுவில் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம். 2003ஓடு முடிந்தவர் இதை எப்படி எழுதினார்?

மணல்கடிகாரம்:
'தி சேஸ்' நல்ல நாவல், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே தொடரின் இரண்டாவது புத்தகம் 2009இல் ஜஸ்டின் ஸ்காட் பெயரோடு வந்தது. ஒரு புத்தகம் கழிந்ததுமே கைமாற்றிவிட்டார்.

ஆழ்கடல்:
ஜஸ்டின் ஸ்காட் யாரோ கூலிக்கு எழுதியவர் இல்லை. 1978லேயே 'தி ஷிப்கில்லர்' என்ற கடல் த்ரில்லரை எழுதியவர். ராட்சத எண்ணெய்க் கப்பல் மோதியதில் மனைவியைப் பறிகொடுத்தவன் ஒற்றைப் பாய்மரப் படகில் அந்தக் கப்பலையே வேட்டையாடக் கிளம்பும் கதை. நெஞ்சுரம் கேட்டீர்களே, அதை முதலில் படியுங்கள், பிறகு அவர் எழுதிய ஐசக் பெல்லுக்கு வாருங்கள்.