சார்ட் ஆப்ஷன் சேர்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

ஒவ்வொரு ஃபைலிலும் எத்தனை வரி நிரல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் கமாண்ட் லைன் கருவி ஒன்றைப் பராமரிக்கிறேன். அந்த எண்ணிக்கைப்படி ஃபைல்களை வரிசைப்படுத்தும் சார்ட் ஆப்ஷன் கேட்டு வந்தவர், "ஒரு வரி வேலைதானே" என்றார். வரிசைப்படுத்தும் வரி உண்மையிலேயே ஒன்றுதான். அதற்கு முன் முடிவெடுக்க வேண்டியவைதான் வளர்ந்துகொண்டே போயின.

கருவி பல த்ரெட்களில், அதாவது ஒரே நேரத்தில் இணையாக ஓடி, முடிந்த ஃபைலை உடனே அச்சிட்டுவிடும். வரிசை கேட்டால், கடைசி ஃபைலை எண்ணி முடிக்கும்வரை முதல் வரியைக்கூட வெளியே விட முடியாது. கடைசியாக வருவதே எல்லாவற்றிலும் பெரியதாக இருக்கலாமே! ஃபைல்களுக்குள் சொல் தேடும் ரிப்கிரெப் கருவியிலும் சார்ட் கொடுத்தால் தேடல் ஒற்றை த்ரெட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே கேட்டவர்களுக்கு மட்டும் வரிசை, மற்றவர்களுக்குப் பழையபடி.

அதிகம் யோசிக்க வைத்தது சம எண்ணிக்கைதான். இரண்டு ஃபைலிலும் 120 வரி என்றால் எது முதலில்? ஸ்டேபிள் சார்ட் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. அது வந்த வரிசையைக் காப்பாற்றும், அவ்வளவுதான். த்ரெட்களிலிருந்து வரும் வரிசையே ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். நேற்றைய வெளியீட்டையும் இன்றையதையும் டிஃப் எடுத்து ஒப்பிடுபவருக்கு, மாறாத ஃபைலும் மாறியதாகத் தெரியும். அதனால் சமமானால் பாதைப் பெயர்ப்படி என்று வைத்தேன். ரிவர்ஸ் கொடுத்தாலும் எண்ணிக்கை மட்டும்தான் தலைகீழாகும், பெயர் வரிசை அப்படியே இருக்கும். இதில் எல்லாருக்கும் உடன்பாடு இருக்காது என்று தெரியும்.

உங்கள் கருவிகளில் என்ன செய்தீர்கள்?

மறுமொழி:
நான் சேர்க்கவே மறுத்துவிட்டேன். வெளியீட்டைப் பைப் போட்டு, வரிசைப்படுத்தும் தனிக் கருவியான ஜிஎன்யு சார்ட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அப்புறம்தான் புகார்கள் வந்தன: தலைப்பு வரியும் மொத்தக் கணக்கு வரியும் சேர்ந்தே வரிசையாகி, "மொத்தம்" நடுவில் போய் உட்கார்ந்துவிட்டதாம். சரி, தலைப்பும் மொத்தமும் இல்லாமல் அச்சிட ஓர் ஆப்ஷன் கொடுத்தேன். சார்ட்டை இன்னும் சேர்க்கவில்லை.

மறுமொழி:
பெயர்ப்படி அடுக்கும்போது 'பகுதி10' என்பது 'பகுதி2'-ஐ முந்தும். அதற்கு ஜிஎன்யு சார்ட்டில், பெயருக்குள் இருக்கும் எண்ணை எண்ணாகவே பார்க்கும் வெர்ஷன் வரிசை இருக்கிறது. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியிலும், பதிப்புகளுக்கு இடும் டேக் பெயர்களுக்கு, 2014-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அது உண்டு. தமிழ்ப் பெயர்கள் என்றால் இன்னொரு தொல்லை. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 'ன' இருப்பது 'ந'-வுக்கு அடுத்து, 'ப'-வுக்கு முன்னால். புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால். அந்த எண்களின்படி, பைட் கணக்கில் அடுக்கினால் 'க்' வந்து 'கௌ'-வுக்கும் கீழே நிற்கும். மொழிவாரி வரிசை விதிகள் கொண்ட ஐசியு நிரல் நூலகத்தைச் சேர்த்தால் அகராதி வரிசை கிடைக்கும், கருவிதான் பருத்துவிடும். நான் பைட் வரிசையையே வைத்துக்கொண்டு, அதை உதவிப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.