புதுப்பிப்பு: லாயத்துக்கு நார்த்தூள் போட்டாச்சு

லத்தியை மிதித்துக் கலக்கி, ஈரத்திலேயே படுத்துப் புரளும் குதிரைக்கு என்ன விரிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வைக்கோலை விட்டாச்சு, பாதியை அவனே தின்றுவிடுகிறான். சிலர் சொன்ன உமி ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை.

இப்போது பொள்ளாச்சியிலிருந்து வாங்கிய தென்னை நார்த்தூள், அரை அடி உயரத்துக்கு. குதிரை ஒரு நாளைக்கு 10 லிட்டர் வரைகூட மூத்திரம் பெய்யும். இந்தத் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். நனைந்த இடம் கறுத்துக் கட்டியாகிவிடும், அதை மட்டும் மண்வெட்டியால் வழித்தால் போதும். காலையில் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி நன்றாகவே குறைந்திருக்கிறது.

தொல்லை, காய்ந்தால் தூசி பறக்கும். லேசாகத் தண்ணீர் தெளிக்கணும். அப்புறம், வெள்ளைக் குதிரைக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், உடம்பெல்லாம் காப்பிப்பொடி நிறம்தான்.