புதுப்பிப்பு: நிகழ்தகவு கேட்களில் மின்னோட்டம் தேய்ந்துபோன சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. நிகழ்தகவை மின்னோட்டமாக வைத்துப் பெருக்கும் மூன்று ‘சமம்’ கேட்களை (இரண்டு உள்ளீடுகளின் 1-க்கான நிகழ்தகவுகளைத் தனியாகவும் 0-க்கானவற்றைத் தனியாகவும் பெருக்கி இரண்டு வெளியீடுகளாகத் தரும் சுற்றுகள்) வரிசையாக இணைத்தால் கடைசி வெளியீடு செத்துப்போகிறது என்று கேட்டிருந்தேன். எல்லா உள்ளீடும் 0.5 என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் மொத்த மின்னோட்டம் பாதியாகும். 100 நானோ ஆம்பியர் மூன்றாம் கட்டத்தில் 12.5தான்.

முதலில் பயாஸ் மின்னோட்டத்தை (சுற்றுக்கு நாம் தரும் அடிப்படை மின்னோட்டம்) 10 மைக்ரோ ஆம்பியருக்கு ஏற்றிப் பார்த்தேன். சரிவரவில்லை. டிரான்சிஸ்டர்கள் சப்-த்ரெஷோல்டு நிலையை, அதாவது த்ரெஷோல்டு (இயங்கத் தொடங்கும்) மின்னழுத்தத்துக்குக் கீழே மிகச் சிறிய மின்னோட்டம் மட்டும் பாயும் நிலையை, விட்டு வெளியேறின. மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்னோட்டம் அடுக்குக்குறி விதிப்படி மாறினால்தானே கேட்டுக்குள் மின்னோட்டங்களைப் பெருக்கும் கில்பர்ட் பெருக்கி என்ற சுற்று சரியாகப் பெருக்கும்!

பலன் தந்தது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் நார்மலைசர் (மொத்த மின்னோட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் சுற்று) வைக்கச் சொன்ன யோசனை. இரண்டு வெளியீடுகளையும் டயோடாக இணைத்த டிரான்சிஸ்டர்களில் செலுத்தி, அந்த மின்னழுத்தங்களால் 100 நானோ ஆம்பியர் வால் மின்னோட்டமுள்ள டிஃபரன்ஷியல் ஜோடியை (நிலையான ஒரு மொத்த மின்னோட்டத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு டிரான்சிஸ்டர்கள்; அந்த மொத்தம்தான் வால் மின்னோட்டம்) இயக்கினேன். விகிதம் மாறாமல் கூட்டுத்தொகை மீண்டும் 100 ஆகிவிடுகிறது.

நான் எதிர்பாராதவை இரண்டு. எக்ஸார் கேட்டுக்கு (இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் 1 தரும் கேட்) நார்மலைசரே வேண்டாம். நான்கு பெருக்கற்பலன்களும் வெளியீட்டில் சேர்வதால் கூட்டுத்தொகை குறைவதில்லை. அப்புறம், ‘சமம்’ கேட்டின் உள்ளீடுகள் 0.9, 0.1 என்று முரண்பட்டால் மொத்தம் 18 நானோ ஆம்பியராகச் சுருங்கி, வெளியீடு நிலைபெற அதிக நேரம் எடுக்கிறது. வேகத்தை இந்த நிலையில்தான் அளக்க வேண்டும். 0.5-ஐ வைத்து அளந்து நான் ஏமாந்தேன்.

மிஸ்மேட்ச் (ஒரே மாதிரி இருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான சிறு வேறுபாடு) இன்னும் பாக்கி: த்ரெஷோல்டு மின்னழுத்தத்தில் 5 மில்லிவோல்ட் வித்தியாசமே மின்னோட்டத்தை ஏறக்குறைய 15% மாற்றிவிடுகிறது. டிரான்சிஸ்டர் பரப்பை நான்கு மடங்காக்கிப் பார்க்கப் போகிறேன்.