மது விற்பனை உரிமம்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். நானும் என் தங்கையும் நடந்துகொண்டிருந்த ஓர் உணவகத்தை விலைக்கு வாங்கியிருக்கிறோம். பழைய உரிமையாளரிடம் மது விற்கும் உரிமம் இருந்தது. கடையோடு அதுவும் எங்கள் கைக்கு வந்துவிடும் என்று நம்பிவிட்டோம். பெயர் மாற்றத்துக்கே தனி விண்ணப்பம், எங்கள் இருவர் மீதும் புதிதாகப் பின்னணி விசாரணை என்பது இப்போதுதான் தெரிகிறது.

உள்ளே அமர்ந்து குடிப்பதற்கு ஓர் உரிமம், பாட்டிலாக வாங்கிப்போவதற்கு வேறோர் உரிமம் என்பதுவரை புரிந்துகொண்டேன். சிக்கல் உரிமத்தோடு உள்ள கடை வரைபடத்தில்தான் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நான்கு மேசைகள் போட ஆசை. ஆனால் உரிமம் பெற்ற பகுதியைக் காட்டும் கோடு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. நேற்றிரவு அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் மாற்றத்தோடு சேர்த்தே வெளிப்பகுதியையும் கேட்கலாமா, இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது நல்லதா?

இன்னொன்று. உரிம விண்ணப்பம் பற்றிய அறிவிப்பைக் கடையில் ஒட்டியதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரவுச் சத்தத்தை நினைத்துக் கவலைப்பட்டார். அவர் கவலை நியாயமானது. அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் தெரிவிப்பதற்கான காலம் முடிவதற்குள் அவரிடம் நேரில் பேசி, வெளி மேசைகளுக்கு மூடும் நேரத்தை எழுதிக் கொடுத்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? அது உதவியதா?

அனுமதி வரும்வரை உணவு மட்டுமே பரிமாறுவோம். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.